இரண்டாவது மெழுகுவர்த்தி

பிரெஞ்சுக்கார டாக்டர் துரை ஊரைவிட்டுப் போனது ஐம்பத்து நாலு டிசம்பரில். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெட்டி படுக்கையோடு கப்பல் ஏறினார். வீட்டில் இருந்ததையெல்லாம் விற்றுப் பணத்தைத் தன் மனைவிக்கு அனுப்பும்படி, பத்திரம் பதியும் நொத்தேர் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிப்ரவரியில் ஏலம் வைத்தார்கள். அந்த ஒரு வாரம் பங்களாவுக்கு இரவுக் காவலும் நான்தான், பகலில் ஏலத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதும் நான்தான்.

மெழுகுவர்த்தி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் வீடு, நிலம் ஏலம் விடும் முறை அது. ஒருவர் விலை கேட்டதும் விரல்கணு நீளத்தில் ஒரு வத்தியை ஏற்றுவார்கள். அது எரிந்து முடிவதற்குள் வேறு யாராவது கூட்டிக் கேட்டால் அதை ஊதிவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். யாரும் கேட்காமல் அடுத்தடுத்து இரண்டு வத்தி அணைந்துவிட்டால் சாமான் கடைசியாகக் கேட்டவருக்கு. சட்டி பானைக்கெல்லாம் மூன்று தரம் கூவுவதோடு சரி. விலை உயர்ந்த சாமானுக்கு மட்டும் பிலோமின்ராஜ் ஐயா வத்தியை எடுப்பார். அவர்தான் ஏலம் விடுபவர். நொத்தேரின் தலைமைக் குமாஸ்தா. சட்டைக் காலரில் கஞ்சி, வாயில் பாதி பிரெஞ்சு. சுத்தியலைவிட வத்தியை ஜனங்கள் நம்புவார்கள் என்பார். அது உண்மைதான். புகை போகும் திசையை எல்லோரும் பார்க்கலாம்.

டாக்டர் துரை சாமான் சேர்க்கும் பைத்தியம். சைகோன் அரக்குப் பெட்டி, சீனத்து ஜாடி, யானைத் தந்தம், பழைய டச்சுக் காசுகள், கண்ணாடிக்குள் குத்தி வைத்த வண்ணத்துப்பூச்சிகள். இதெல்லாம் கூடத்தில் இருந்தன. உள்ளறையில் வேறு வகை. இரண்டு தலைக் கன்றுக்குட்டி ஒன்று சாராய ஜாடியில். ஒற்றைக் கண் மீன். வால் முளைத்த மாதிரி ஒரு தேங்காய். இயற்கை தப்புப் பண்ணினதையெல்லாம் அந்த மனுஷன் விலை கொடுத்தாவது வாங்கிவிடுவார். பட்டினச்சேரி மீனவர்கள் வலையில் விசித்திரமாக எது விழுந்தாலும் நேராக அவர் வாசலுக்குத்தான் கொண்டு வருவார்கள்.

மூன்றாம் நாள் ஏலத்துக்குக் கூட்டம் அதிகம். தலத்தெருவிலிருந்தும் திருநள்ளாற்றிலிருந்தும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். முன்வரிசையில் கும்பகோணத்து அம்பலவாணன். பழம்பொருள் வியாபாரி. வாங்குவதை மதராஸில் வெள்ளைக்காரர்களுக்கும் ஹோட்டல்களுக்கும் விற்பவர். வெற்றிலை போட்ட வாயோடு சாய்ந்து உட்கார்ந்திருப்பார், விலை கேட்கும்போது மட்டும் ஒரு விரலைத் தூக்குவார். அவருக்குப் பின்னால் பள்ளிவாசல் தெருக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் நூகும் இருந்தார். சைகோனில் பதினைந்து வருஷம் ஜவுளிக்கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். சுவர்க் கடிகாரம் ஒன்றைக் குறி வைத்து வந்திருந்தார்.

கடிகாரம் அவருக்குக் கிடைக்கவில்லை. அம்பலவாணன் தூக்கிவிட்டார்.

"கும்பகோணத்துல மணி பாக்க ஆளு இல்லியா? எங்க ஊரு மணியெல்லாம் தூக்கிட்டுப் போறீங்க" என்றார் நூகு.

"உங்க ஊருக்கு இனிமே டெல்லி மணிதான பாய். இது எதுக்கு?"

கூட்டம் சிரித்தது. நூகும் சிரித்தார். அவ்வளவு லேசாகத்தான் அன்று காலை போய்க்கொண்டிருந்தது.

பதினொன்றரை இருக்கும். உள்ளறைச் சாமான்களைக் கொண்டுவரச் சொன்னார் பிலோமின்ராஜ் ஐயா. கன்றுக்குட்டி போனது. மீன் போனது. பிறகு ஆளுயரத்துக்கு ஒரு பச்சைத் துணி போர்த்திய சட்டத்தை உருட்டி வந்தார்கள். துணியை இழுத்தார்.

முழு மனித எலும்புக்கூடு. இரும்புத் தண்டில் தொங்கியது. மூட்டுக்கு மூட்டு பித்தளைக் கம்பி. எண்ணெய் பூசித் துடைத்து வைத்ததில் எலும்பு தந்தம் போலப் பளபளத்தது. நான் அதை முன்பே பார்த்திருந்தேன். சுண்ணாம்பில் செய்த பொம்மை என்று நினைத்திருந்தேன்.

பெண்கள் இரண்டு மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள். சிலர் கிண்டல் செய்தார்கள். "கல்யாணத்துக்குப் பொண்ணு கேக்கலாமா ஐயா, ஒடம்பு இளைச்சிருக்காரே" என்றது ஒரு குரல்.

பிலோமின்ராஜ் ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சிரிக்காதீங்க. வைத்தியப் பள்ளிக்கூடத்துல இதுக்கு அடிதடி. அதுலயும் இது சாதாரண கூடு இல்ல. பாரீஸ்லயே கெடைக்காது. எடது காலப் பாருங்க." கைத்தடியால் தட்டினார். "ஆறு விரல்."

சிரிப்பு ஓரத்திலிருந்து அணைந்துகொண்டே வந்தது. முதலில் பள்ளிவாசல் தெருக்காரர்கள். அப்புறம் அவர்களைப் பார்த்து மற்றவர்கள்.

ஊரில் ஆறுவிரல் என்றால் ஒரே ஆள்தான். ஆறுவிரல் பிச்சை. முகைதீன் பிச்சை என்று முழுப் பெயர் சொன்னால் பாதிப் பேருக்கு ஆளே தெரியாது. தோணியில் சரக்கு ஏற்றும் தண்டல். நூகின் அக்கா சுல்தான் பீவியின் கணவர். நாற்பத்தாறில் காலரா வந்தபோது, அரசலாறு கடலில் விழும் இடத்தில் டாக்டர் துரை போட்ட காலராக் கொட்டகையில் செத்துப்போனார். கொட்டகைக்குள் போனவர்களின் உடலை வீட்டுக்குத் தரவில்லை. பாயில் சுற்றி, சுண்ணாம்பு கொட்டி, கொட்டகை ஆட்களே புதைத்துவிட்டு, இன்னார் இன்ன இடம் என்று கைகாட்டினார்கள். காட்டிய இடத்தில் சுல்தான் பீவி மீசான் கல் நட்டாள். எட்டு வருஷமாக அங்கே போய் ஓதிக்கொண்டிருந்தாள்.

நூகு எழுந்தார். எலும்புக்கூட்டின் அருகே போகவில்லை. இருந்த இடத்திலேயே நின்று, "அது எங்க மச்சான்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

"இன்னா லில்லாஹி" என்று மரணத்துக்கு ஓதுவதைப் பின்னாலிருந்து யாரோ ஆரம்பித்தார்கள். பள்ளிவாசல் தெருக்காரர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

பிலோமின்ராஜ் ஐயாவின் முகத்தில் ரத்தம் இல்லை. கைத்தடியை மேசைமேல் வைத்தார். வைத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் அம்பலவாணன் விரலைத் தூக்கினார். வெளியூர்க்காரர். என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது. "நூறு" என்றார்.

விலை வந்தால் வத்தி ஏற்ற வேண்டும். ஐயா என்னைப் பார்த்தார். நான் ஏற்றினேன். என்னுடைய வேலை அது, வேறு எதுவும் அப்போது தோன்றவில்லை.

"என்னய்யா பண்றீங்க?" என்றார் அப்துல் லத்தீப். ஜமாத்தில் நாட்டாமை. "மையத்த ஏலம் விடுவீங்களா?"

"எனக்குத் தெரியாது மரைக்காயரே. சத்தியமா தெரியாது. சாமானெல்லாம் முத்திரை போட்டு எங்கிட்ட குடுத்தது. நான் நிறுத்தி வைக்கலாம். நிறுத்துனா புதுச்சேரிக்கு எழுதணும். அங்க இப்ப யாரு அதிகாரின்னு அவங்களுக்கே தெரியல. உத்தரவு வர்ற வரைக்கும் இது கிடங்குலதான் தொங்கும். அதுக்குப் பதிலா..." வத்தியைக் காட்டினார். "யாராச்சும் கூட்டிக் கேட்டுருங்க. நானே பணம் போடுறேன். கேட்டுருங்க."

யாரும் கேட்கவில்லை. இதுதான் அந்த ஜனங்கள். அம்பலவாணனை அடித்து விரட்டச் சொன்னால் செய்திருப்பார்கள். சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னாலும் செய்திருப்பார்கள். ஆனால் மையத்துக்கு, செத்த உடலுக்கு, விலை சொல்வது என்பது அவர்கள் வாயில் வராது. ஜனாஸாத் தொழுகைக்கு நிற்பது போலக் கைகட்டி வரிசையாக நின்றார்கள். தாங்கள் கேட்காவிட்டால் ஏலம் நின்றுவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. வத்திக்கு அது தெரியுமா? மரியாதையாக அவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே திரி சாய்ந்து, புகை ஒரு கோடாக எழும்பி, அணைந்தது.

"நூகு பாய், நீங்களாச்சும்" என்றார் பிலோமின்ராஜ் ஐயா.

"எங்க மச்சானுக்கு என்னைய வெல சொல்லச் சொல்றீங்களா?"

மாதாகோயில் மணி அடித்தது. பன்னிரண்டு. பிரெஞ்சுக்காரன் போய்விட்டாலும் அவன் மதியத் தூக்கம் ஊரில் இருந்தது. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை எந்த ஆபீசும் கிடையாது. ஐயாவுக்கு உயிர் வந்தது மாதிரி இருந்தது. "ரெண்டாவது வத்தி மூணு மணிக்கு" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

அம்பலவாணனிடம் யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "நான் செத்தவங்கள வாங்குற ஆளு இல்ல தம்பி. ஏலத்துல வெச்ச சாமான வாங்குறவன். தெரியாமக் கேட்டுட்டேன். கேட்டத வாபஸ் வாங்கலாமா?"

"முடியாதுங்க. கேட்டது கேட்டதுதான். இன்னொருத்தர் கூட்டினாத்தான் நீங்க விடுதல."

"என்ன எழவு சட்டம்டா இது" என்றார்.

மூன்று மணிக்குக் கூடம் நிரம்பி வாசல் வரை ஆள் நின்றது. காலையில் வேடிக்கை பார்க்க வந்த முகங்கள் இல்லை. சுல்தான் பீவி வந்தாள். வெள்ளைத் துப்பட்டி போட்டுத் தனியாக நடந்து வந்தாள். அந்தத் தெருப் பெண்கள் ஆண்கள் கூடும் இடத்துக்கு வருவது வழக்கமில்லை. ஆண்கள் ஒதுங்கினார்கள். ஐம்பது வயதிருக்கும். அழுத முகம் இல்லை. கணவன் செத்தது பழைய சங்கதி. எட்டு வருஷத்தில் அழுது முடித்துவிட்டாள். எலும்பை வாங்கி ஒழுங்காக அடக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேலை என்று நான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

"பாக்கலாமா?" என்று ஐயாவைக் கேட்டாள்.

"பாருங்கம்மா. பாருங்க."

கிட்டே போனாள். முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து காலைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"இது அவரு இல்ல."

கூடம் முழுக்க மூச்சு விட்ட சத்தம் கேட்டது. "நல்லாப் பாரு லாத்தா" என்றார் நூகு.

"அவருக்கு வலது கால்ல. இது எடது. நான் கால் அமுக்கி விட்டவ, எனக்குத் தெரியாதா?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அப்துல் லத்தீப். நூகு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்தார். யாரோ தோளில் தட்டினார்கள். எங்கேயோ எவனோ, வெளியூர்க்காரன், நமக்கென்ன. பிலோமின்ராஜ் ஐயாவுக்கு நிறம் திரும்பிவிட்டது. "ஏத்து சந்தனசாமி. இதோட இந்தச் சனியன முடிச்சிரலாம்."

நான் இரண்டாவது வத்தியை ஏற்றினேன்.

சுல்தான் பீவி நகரவில்லை. இடது காலின் ஓரத்தில், சுண்டுவிரலுக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன எலும்பின் மேல் கைவைத்திருந்தாள். பிறகு கையைச் சாணாக விரித்துத் தொடை எலும்பை அளந்தாள். அளந்த கையைத் தன் தொடையில் வைத்துப் பார்த்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். மேல் பல்வரிசையில் முன்பல் ஒன்று குறுக்கே பாதி உடைந்திருந்தது. விரலால் அதைத் தடவினாள்.

"நூகு" என்று கூப்பிட்டாள்.

"சொல்லு லாத்தா."

"நீ சைகோன்ல யாரப் பாத்த?"

அவர் எழுந்திருக்கவில்லை.

இதை நான் சொல்லியாக வேண்டும். அவளுக்கு ஒரே பையன். கபீர். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அங்கே சப்பாத்தும் காலுறையும் கட்டாயம். தெருவிலும் அதோடுதான் திரிவான், துரை வீட்டுப் பிள்ளை என்று கேலி செய்வார்கள். அவன் வெறுங்காலை யாரும் பார்த்ததில்லை. காலரா வந்த அதே வாரத்தில் வீட்டைவிட்டுக் காணாமல் போனான். பதினாறு வயது. கப்பலேறிவிட்டான் என்றார்கள். பிறகு சைகோனிலிருந்து வந்த நூகு அவனைத் துறைமுகத்தில் பார்த்ததாகச் சொன்னார். மர்சேய் போகும் கப்பலில் சமையலுக்கு இருக்கிறான், நன்றாக இருக்கிறான் என்று சொன்னார். அவள் மகனுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தாள் என்பது ஊருக்கே தெரியும்.

"தாடி வெச்சிருந்தான்னு சொன்ன" என்றாள் சுல்தான் பீவி. "ஒசரமாயிட்டான், அடையாளமே தெரியலன்னு சொன்ன. உம்மாவுக்கு சலாம் சொல்லச் சொன்னான்னு சொன்ன. யாரப் பாத்த?"

நூகு முகம் துடைத்த துண்டை மடிக்க ஆரம்பித்தார்.

"அவனுக்கு அவங்க அத்தா மாதிரியே, ஆனா எடது கால்ல. நான்தான் யாருட்டயும் சொல்லாத, அத்தாவ ஏசுற மாதிரி ஒன்னையும் ஏசுவாங்கன்னு சப்பாத்து போட்டே வெச்சேன். கோலி சோடாவ வாயால தொறக்குறேன்னு பல்ல ஒடச்சிக்கிட்டான். அந்தப் பல்லு இது. நீ யாரப் பாத்த, சொல்லு."

"நீ சாப்புடாம கெடந்த லாத்தா" என்றார் நூகு. "நான் வந்து எறங்குன அன்னிக்கு நீ எலும்பாக் கெடந்த. அதான்..."

என்ன நடந்திருக்கும் என்று சொல்லிக் காட்ட ஆள் தேவையில்லை. பையன் அப்பாவைப் பார்க்கக் கொட்டகைக்குப் போயிருக்கிறான். உள்ளே போனவனை வெளியே விட மாட்டார்கள் என்பது அப்போதைய சட்டம். அவனுக்கும் கண்டிருக்கிறது. டாக்டர் துரை சப்பாத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்.

அந்த டாக்டர் எனக்கு ஒருமுறை காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர். காசு வாங்கவில்லை. கைநாடி பிடித்தபோது என் விரல்களையும் எண்ணியிருப்பாரோ என்று அப்போது தோன்றியது.

சுல்தான் பீவி திரும்பி மேசையைப் பார்த்தாள். வத்தியில் கால்வாசிதான் மிச்சம்.

"இது அணைஞ்சா என்ன ஆவும்?" என்று என்னைக் கேட்டாள்.

"அவருக்குப் போயிரும்மா." அம்பலவாணனைக் காட்டினேன்.

"அணையாம இருக்க?"

"கூட்டிக் கேக்கணும்."

"எவ்வளவு?"

"நூறுக்கு மேல எதுவா இருந்தாலும்."

"நூத்தியொன்னு" என்றாள்.

அப்துல் லத்தீப் முன்னால் வந்தார். "மையத்துக்கு வெல சொல்லக்கூடாதும்மா. அது ஆகாது. நாங்க பேசி ஏதாச்சும்..."

"காலைல பேசுனீங்களா?"

அவர் நின்றுவிட்டார்.

"காலைல கைகட்டி நின்னீங்கன்னு சொன்னாங்க. வெல சொன்னது நான் இல்ல. எட்டு வருசமா கொக்கில தொங்க விட்டிருக்காங்க. நான் எறக்கி எடுத்துட்டுப் போறேன். ஆகாதுன்னா அந்தப் பாவம் எனக்கு."

எரிந்ததை ஊதிவிட்டுப் புதிய வத்தி ஏற்றினேன். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது.

அப்போது அம்பலவாணன் விரல் உயர்ந்தது. "நூத்திப்பத்து" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. விரல் அந்தரத்தில் நின்றது. முப்பது வருஷமாக, எதிராளி விலை சொன்னால் இவர் விரல் எழும். அது அவரைக் கேட்டு எழுவதில்லை. கூட்டம் அவர்மேல் பாய எழுந்தது. அவர் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டு, "ஐயையோ, பழக்கம்மா, பழக்கம்" என்றார். பெரிய மனுஷன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உக்காருங்க எல்லாரும்" என்றாள் சுல்தான் பீவி. "அவரு யாவாரி. நூத்திப்பதினொன்னு."

நான் மறுபடி ஏற்றினேன். இரண்டு வத்தி அணைய வேண்டும். நூறு பேருக்கு மேல் அந்த அறையில் இருந்தோம். ஒருவர் இருமக்கூட இல்லை. இருமினால் விலையாகிவிடுமோ என்று பயந்த மாதிரி இருந்தது. அம்பலவாணன் கையைப் பிடித்தபடியே இருந்தார். ஒரு வத்தி அணைந்தது. அடுத்ததை ஏற்றினேன். அவள் அந்த நேரம் முழுக்க எலும்புக்கூட்டின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள் பிடிப்பது போல, விரல்களை அல்ல, மணிக்கட்டை.

அணைந்தது. பிலோமின்ராஜ் ஐயா தலையை மட்டும் அசைத்தார்.

பணத்தை நூகு கட்டினார். அவள் தடுக்கவுமில்லை, அவரைப் பார்க்கவுமில்லை.

பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெப்பை வந்து பார்த்துவிட்டு, கம்பியோடு அடக்கக்கூடாது என்றார். ஏலச் சாமானில் ஒரு குறடு இருந்தது. நான்தான் வெட்டினேன். வேறு யாரும் கைவைக்கத் துணியவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் நேர்த்தியாகத் துளை போட்டிருந்தார் டாக்டர் துரை. ஒரு பிசிறில்லை. கம்பி விடுபட விடுபட எலும்புகள் வெள்ளைத் துணியில் விழுந்தன. அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வாங்கி வைத்தாள். எது எங்கே என்று குழம்பவில்லை. இடது பாதம் வந்தபோது மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள். அதைக் கடைசியாகத்தான் துணியில் வைத்தாள்.

வெளியே ஆண்கள் குழி எங்கே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா பக்கத்தில் என்றார்கள். அப்துல் லத்தீப் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துலன்னு சொல்றோம். அந்தக் கபுருல பிச்சை இருக்காரான்னு யாருக்குத் தெரியும்? அவங்க கைகாட்டுனதுதான? தொறந்து பாத்துறலாம். மனசுக்கு ஒரு நிம்மதி."

தாழ்த்தின குரல்தான். ஆனால் அவளுக்குக் கேட்டுவிட்டது. முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த துணியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அன்று முழுக்க அவள் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அத யாரும் தொடக்கூடாது" என்றாள்.

"இல்லம்மா, ஒரு..."

"வேணாம். இவன வேற எடத்துல வைங்க. சுவரோரமா வைங்க. அது பக்கமே மம்பட்டி போவக்கூடாது." மூச்சு வாங்கினாள். "ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்."

அசர் தொழுகைக்குப் பிறகு மையத்தாங்கொல்லையின் சுவரோரத்தில் அடக்கினார்கள். மையத்துப் பெட்டியை நூகும் ஒரு பக்கம் தூக்கினார், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கனமே இல்லாததால் தூக்கியவர்கள் நடை பிசகித் தடுமாறினார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

நான் போகவில்லை. ஐந்து மணிக்கு ஏலம் மறுபடி தொடங்கியது. அடுத்த சாமான் சீனத்து ஜாடி. பிலோமின்ராஜ் ஐயா அதைக் கவிழ்த்துப் பார்த்து, கையை உள்ளே விட்டுத் துழாவி, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் விலை கூறினார்.